கொடியை இறக்கிய பாட்டு

786
ஸ்ரீவில்லிபுத்தூர்
5.12.1987

நூர்னிசாவுக்கு உன் வீட்டுக்காரன் பிச்சை முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். நீ கோபத்தில் கடிதத்தைக் கடைசி வரை படிக்க மாட்டாய்.

கவருக்குப் பின்னால் ரத்தினம் என்று பேர் இருப்பதைப் பார்த்து "எவ அவ?" என்று கேட்டிருப்பாய். ரத்தினம் டீச்சருக்கு அறுபது தாண்டியாகிவிட்டது. கண்ணாடி இல்லாமல் என் முகம் தெரியாது. கண்ணாடியை மாட்டிப் பார்த்த பிறகும் வீட்டுக்குள் விட்டிருக்கிறார் என்றால் அது அவர் நல்ல மனசு.

நடந்ததைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லியிருப்பார்கள். கட்டினவன் சொல்வதையும் கேள். வியாழக்கிழமை குருவம்மாள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு ஹாரன் ஸ்பீக்கரையும் கட்டி முடித்தபோது அப்போதுதான் விடிந்திருந்தது. ஊரில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரைப் போட்டு, ஆம்ப்ளிபயர் எப்படிப் பேசுகிறது என்று பார்க்கக் கைக்குக் கிடைத்த கேசட்டைச் சொருகினேன். அது டீச்சரின் பியானோ. போன வருஷம் இங்கே வேதக்கோயில் அசனச் சாப்பாட்டுக்கு மைக் கட்ட வந்தபோது அவர் வாசித்ததைப் பதிவு செய்துகொண்டு வந்தேனே, அதுதான். "எலி ஆர்மோனியத்து மேல நடக்குது" என்று சொல்வாயே, அதே.

அரை நிமிஷம் ஓடவிட்டு எடுத்திருக்க வேண்டும். எடுக்கக் கை வரவில்லை. மலையில் பனி இறங்கிக் கிடந்தது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. என் ஹாரன்கள் இத்தனை வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரன் தொண்டைக்கட்டு எல்லாவற்றையும் கத்தியிருக்கின்றன. அன்றைக்குத்தான் முதல் தடவையாக மெதுவாகப் பேசின. கண்ணை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

கண்ணைத் திறந்தால் எதிரே டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்குகிறார். மதுரை பஸ் வந்த வழியே திரும்புகிறது. பொம்பளைகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டாராய்யா நம்ம மகராசன்?" என்று கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது.

ரேடியோவில் பாட்டு நின்று, வார்த்தை இல்லாமல் வாத்தியம் மட்டும் அழுதால் பெரிய தலை ஒன்று சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. இருபது வருஷ மைக் செட்காரனுக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. தலைவர் உடம்புக்கு முடியாமல் கிடக்கிற காலம் வேறு. கரண்ட் இல்லாததால் ரேடியோவைத் திருப்பிப் பார்க்கவும் வழியில்லை.

நான் பட்டென்று நிறுத்தினேன். அதற்குள் "நம்ம கட்சிக்கார உக்கிரபாண்டி கொடிக்கம்பத்துல இருந்து விழுந்துட்டான்" என்று ஒரு சத்தம். லுங்கியோடு ஓடி, கிடைத்த லாரியில் ஏறிவிட்டேன்.

உக்கிரபாண்டி எப்படி இருக்கிறார்? அதை மட்டும் முதலில் எழுது. எழுத்து கோணலாக இருந்தால் அது கை நடுக்கம் என்று நினைக்காதே. மூன்றாம் வகுப்பு வாத்தியார் குற்றம்.

பிச்சை முகம்மது


ராஜபாளையம்
8.12.1987

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடைசி வரை படித்தேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். நீங்களும் என் கடிதத்தை அப்படியே செய்யுங்கள்.

உக்கிரபாண்டி அண்ணன் மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தலையில் அடி, வலது கால் முறிந்துவிட்டது. இன்னும் கண் விழிக்கவில்லை. பஞ்சு மார்க்கெட் கம்பத்தில் கயிறு சிக்கிக்கொண்டதாம். கொடியைப் பாதிக்கு இறக்காமல் விடமாட்டேன் என்று அவரே ஏறியிருக்கிறார். பாதிக்கு இறக்கியும் விட்டார். இறக்கிவிட்டுத்தான் விழுந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு போகிற நேரம், தபால்கார பால்ச்சாமி அண்ணன் வீட்டு டிரான்சிஸ்டரில் சினிமாப் பாட்டு போய்க்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகுதான் தலைவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்தது. அப்போது ஊருக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உக்கிரபாண்டி அண்ணனுடைய தம்பி சோலைராஜ் நாலைந்து பேரோடு நம் வாசலில் வந்து நின்றான். "உசுரோட இருக்க மனுசருக்குக் கொடிய எறக்க வச்சுட்டானே, எங்க அவன்?" என்றான். நான் கதவைத் திறக்கவில்லை. சௌதாவை உள் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். திண்டாடி நின்றது நானும் நம் மகளும். நீங்கள் லாரியில் ஏறிவிட்டீர்கள்.

கல்யாண வீட்டிலிருந்து குருவம்மாள் சாமான்களை வண்டியில் அனுப்பியிருந்தாள். ஒரு ஹாரனை வாசலில் போட்டு மிதித்துத் தகரமாக்கிவிட்டார்கள். மறுநாள் கம்பத்தைப் பால் ஊற்றிக் கழுவி, பூசை போட்டு, கொடியை மறுபடி ஏற்றினார்கள். அந்தப் பால் வாங்கப் போன பையன் நம் வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனான்.

போகும்போது சோலைராஜ் சொன்னது: "எங்கண்ணனுக்கு ஒண்ணுன்னா இந்த வீட்ல விளக்கு எரியாது."

அந்தக் கேசட்டின் நாடாவை உருவி நெருப்பில் போட்டுவிட்டேன். வீடு முழுக்க நாற்றம். பாட்டுக் கேட்டுக் கண்ணை மூடுகிற வயசா உங்களுக்கு? வராதீர்கள். நான் சொல்லும்வரை இந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

நூர்னிசா

பால்ச்சாமி அண்ணன், "யாரும்மா அந்த ரத்தினம், புதுசா?" என்று கேட்டார். சௌதாவுக்குத் தையல் கற்றுத்தருகிறவர் என்று சொல்லியிருக்கிறேன்.


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.12.1987

அன்புள்ள நூர்னிசா,

கேசட்டை எரித்துவிட்டாயா? சரி, நல்லதுதான். எலி செத்தது. ஆனால் இங்கே தாய் எலி தினமும் நடக்கிறது.

இதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். தினமும் சாயங்காலம் டீச்சர் பாத்திரம் எல்லாம் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்து, பியானோ மூடியைத் திறக்கிறார். திறந்தால் அதுதான் முதலில். நான் பின்கட்டில் சாக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊரைக் கலைத்துவிட்ட அதே பாட்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. முதல் நாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். யாராவது ரோட்டில் கேட்டு, இங்கேயும் கடையை அடைத்துவிட்டால்? "வாசிக்காதீங்க டீச்சர்" என்று சொல்ல வாய் வரை வந்தது. எனக்கு இடம் கொடுத்திருப்பவர் அவர். அவர் வீட்டில் அவர் கையைக் கட்ட நான் யார்?

மூன்றாம் நாள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நீ ஒரு தடவையும் பொறுமையாக இதைக் கேட்டதில்லை. அதனால் சொல்கிறேன். உனக்கும் எனக்கும் சண்டை வந்தால், நீ கத்தி முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை ஒரு சத்தமும் வராமல் அடுக்குவாயே, அப்படி ஆரம்பிக்கிறது. கத்தினதைவிட அதுதான் எனக்குப் பயம். இடது கை மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது, வீட்டுக்குள் யாரோ உலாத்துகிற மாதிரி. வலது கை ஒன்று சொல்ல வருகிறது. வாசல் வரை வந்து சொல்லாமல் திரும்பிவிடுகிறது. மறுபடி வருகிறது. கொஞ்சம் மேலே ஏறி வருகிறது. இந்தத் தடவை சொல்லிவிடும் என்று நான் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். சொல்லவில்லை. அதே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கடைசியில் ஒரே ஒரு கட்டையை டீச்சர் அமுக்கி, விரலை எடுக்காமல் வைத்திருக்கிறார். அது கரைந்து போகிறவரை எடுப்பதில்லை. பட்டனைத் திருகிச் சத்தத்தைக் குறைக்கிறவன் நான். ஒரு சத்தத்தைத் தானாகச் சாகவிட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

சரி, புலம்பல் போதும். டீச்சர் என்னைப் பக்கத்து வீட்டாரிடம் பியானோ ரிப்பேர்க்காரர் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய பழைய டேப் ரெக்கார்டரைக் கழற்றிப் பூட்டிச் சோற்றுக்கு ஈடு செய்கிறேன். பால்காரர் மணி அடித்தால் பியானோவுக்கு அடியில் படுத்துவிடுகிறேன். தொழுகையில் குனியாத அளவுக்கு அதற்கு முன்னால் குனிந்தாயிற்று.

உக்கிரபாண்டி கண் விழித்தாரா? தூக்கம் வருவதில்லை.

பிச்சை முகம்மது


ராஜபாளையம்
14.12.1987

மச்சானுக்கு,

பாத்திரம் அடுக்குகிறதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதையெல்லாம் கவனித்திருக்கிறீர்களா? தெரிந்திருந்தால் நாலு பாத்திரத்தைப் போட்டு உடைத்திருப்பேன்.

உக்கிரபாண்டி அண்ணன் கண் விழித்துவிட்டார். நான் மதுரைக்குப் போனேன். கோபப்படாதீர்கள். யாரோ சொல்லிக் கேட்டுக்கொண்டு கிடந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். இட்லி அவித்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன்.

அவர் சம்சாரம் அங்காளம்மாள் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். தூக்குவாளியை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, "சட்னி எங்க?" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

அவள் சொன்னது இது. கண் விழித்ததும் அவர் முதலில் கேட்டது, "கொடி எறங்குச்சா?" இறங்கியது என்றார்களாம். தலைவர் நல்லா இருக்கார், அது மைக் செட்காரன் செய்த கூத்து என்று பிறகு சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவர், "பொறவு யாருக்குத்தான் அழுதுச்சு அந்தப் பாட்டு?" என்று கேட்டாராம். அங்காளம்மாள் என்னைக் கேட்டாள். நான் உங்களைக் கேட்கிறேன்.

அவர் பிழைத்துவிட்டார் என்று நீங்கள் கிளம்பி வந்துவிடாதீர்கள். சோலைராஜ் அடங்கவில்லை. உயிரோடு இருக்கிறவருக்குக் கொடி இறங்கினால் அது பலித்துவிடும் என்று டீக்கடையில் பேசுகிறார்களாம். தலைவருக்கு எது நடந்தாலும் அது உங்கள் தலையில்தான் விடியும். இரண்டு நாளாக சோலைராஜ் சைக்கிளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சுற்றுகிறான் என்று குருவம்மாள் சொன்னாள். அவனுக்கு எப்படித் தெரிந்தது? லாரிக்காரன் சொல்லியிருப்பானோ? ஜன்னல் பக்கம் போகாதீர்கள். அல்லாவுக்காகக் கேட்கிறேன்.

நூர்னிசா


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.12.1987

அன்புள்ள நூர்னிசா,

அவன் வந்துவிட்டான்.

நேற்றுச் சாயங்காலம் டீச்சர் வாசித்துக்கொண்டிருந்தார். கொசுவுக்காக வைத்த வலைக்குப் பின்னால் நின்று ரோட்டைப் பார்த்தேன். நீ ஜன்னல் பக்கம் போகாதே என்று எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. சோலைராஜ் சைக்கிளில் போனான். கேட்டைத் தாண்டியும் போய்விட்டான். அப்போது அந்த வலது கை மேலே ஏறுகிற இடம் வந்தது. பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். ஊரையே கலைத்த பாட்டு, அவனுக்கு மறக்குமா?

கேட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். நானும் அவனும் இருபது அடி தூரத்தில் நிற்கிறோம். நடுவில் ஒரு கொசுவலை. இருமல் வந்தது, விழுங்கினேன். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது, அவர் பாட்டுக்கு வாசிக்கிறார். உள்ளே வருவான், வருவான் என்று பார்க்கிறேன். அவன் வரவில்லை. அந்தக் கடைசிக் கட்டை கரைகிறவரை நின்றான். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

உதைத்திருந்தால்கூட ஒரு கணக்கு முடிந்திருக்கும். ஒன்றும் செய்யாமல் போனானே, அதுதான் ராத்திரி முழுக்க என்னை உட்கார வைத்துவிட்டது. ஆள் கூட்டிவரப் போயிருக்கிறானா? வத்திராயிருப்புக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். டீச்சர், "அங்கே போய் எதுக்கு அடியில படுப்பீங்க, மிஸ்டர் பிச்சை?" என்கிறார். என்னைவிடக் கிண்டல்காரர்.

உக்கிரபாண்டி கேட்டதை டீச்சரிடம் கேட்டேன். இந்தப் பாட்டு யாருக்காக அழுகிறது, எழுதினவர் யாரை நினைத்து எழுதினார் என்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு எப்படித் தெரியும்? பரீட்சைக்குப் படிச்சேன். ஃபெயிலாகிட்டேன். அதான் இன்னும் வாசிக்கிறேன்" என்றார்.

இதை அங்காளம்மாளிடம் சொல்லிவிடாதே. ஃபெயிலான பாட்டுக்குக் காலை ஒடித்துக்கொண்டோம் என்று தெரிந்தால் இன்னும் கோபம் வரும்.

சௌதாவை வெளியே அனுப்பாதே.

பிச்சை முகம்மது


ராஜபாளையம்
24.12.1987

அன்புள்ள கணவர் அவர்களுக்கு,

தலைவர் இன்று அதிகாலை காலமாகிவிட்டார். ரேடியோவில் காலையிலிருந்து வாத்தியம் மட்டும் வருகிறது. முதலில் ஒருவரும் நம்பவில்லை. நம் வீட்டு வாசலில் வந்து மைக் செட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகுதான் அழுதார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. ஊர் அமைதியாக இருக்கிறது.

உக்கிரபாண்டி அண்ணன் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. இன்று பஞ்சு மார்க்கெட் கம்பத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அன்று போட்ட பாட்டைக் கேசட்டோடு கொண்டுவரச் சொல்கிறார். அது வந்த பிறகே கொடியை இறக்குவதாகச் சொல்கிறார். உங்களுக்கு ஒரு தீங்கும் வராது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சோலைராஜுடன் உடனே புறப்பட்டு வரவும்.

இப்படிக்கு,
நூர்னிசா


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.12.1987

நூர்னிசா,

சோலைராஜ் கேட்டில் நிற்கிறான். இந்த வெயிலில் சைக்கிளை மிதித்து வந்திருக்கிறான். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கிறான், என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறான்.

உன் கடிதத்தை ஏழெட்டுத் தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுத்து உன்னுடையதுதான். ஆனால் "அன்புள்ள கணவர் அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறாய். யார் அந்தக் கணவர் அவர்கள்? இருபத்து மூன்று வருஷத்தில் நீ எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் ஒரு வசவு இல்லாமல் இருந்ததில்லை. இதில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் யாரோ நின்று சொல்லச் சொல்ல எழுதினாயா? உன் கழுத்தில் எதையும் வைத்தார்களா? சௌதா எங்கே? பொம்பளை திட்டாத கடிதத்தைப் பார்த்து மிரளுகிற முதல் புருஷன் நானாகத்தான் இருப்பேன்.

நான் வரவில்லை. பயமாக இருக்கிறது. எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது? பயமாக இருக்கிறது.

ஆனால் கேட்டதைக் கொடுக்காமல் அனுப்ப முடியவில்லை. பழைய கேசட்டை நீ எரித்துவிட்டாய். டீச்சரிடம் கேட்டேன். இன்றைக்கு அவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கோயிலில் நட்சத்திர விளக்கைக்கூட அணைத்து வைத்திருக்கிறார்கள். டீச்சர் மூடியைத் திறந்தார். நான் ரிப்பேர் பார்த்த டேப் ரெக்கார்டரை ஸ்டூலில் வைத்துப் பதிவு செய்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. சோலைராஜ் பெல் அடித்துவிட்டான்.

ஆம்ப்ளிபயரைத் தொட ஆளில்லை என்றால் நீயே போடு. சிவப்பு விளக்கு எரிந்த பிறகு செத்த நேரம் பொறு. சத்தத்தைப் பாதிக்குமேல் வைக்காதே. மீதி மூன்று ஹாரனையும் கீழே பார்த்துக் கட்டச் சொல். இந்தத் தடவை அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் கேட்க வேண்டாம்.

நீயும் சௌதாவும் நன்றாக இருப்பது உண்மையானால் என்னை ஒரு வசவு வைது எழுது. அது வந்தால்தான் நம்புவேன்.

பிச்சை முகம்மது


ராஜபாளையம்
26.12.1987

மச்சானுக்கு,

சோலைராஜ் பக்கத்தில் நின்றுதான் நான் அன்றைக்கு எழுதினேன். கழுத்தில் ஒன்றும் வைக்கவில்லை. சாவு வீடு மாதிரி ஊரே கிடக்கும்போது, அண்ணனை இழந்த மாதிரி அழுகிற பையன் முன்னால் புருஷனை எப்படி வைவது? அதனால்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி எழுதினேன். அதைப் படித்துப் பயந்தீர்களா? பயப்படுங்கள். நான் இருபது நாள் பயந்தேன்.

நேற்றுக் காலையில் பஞ்சு மார்க்கெட்டில் நான்தான் போட்டேன். சௌதா ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு பொறுத்தேன். சத்தம் பாதிதான். கூட்டம் ரோடு நிறைய உட்கார்ந்திருந்தது. கட்சிக்காரர் ஒருவர், "ரேடியோலதான் போகுதே, அதை வைங்க" என்றார். உக்கிரபாண்டி அண்ணன் விடவில்லை. "அன்னைக்கு ஆளில்லாம வந்து அழுதுட்டுப் போச்சுய்யா அந்தப் பாட்டு. இன்னைக்கு ஆளு இருக்கு, போடட்டும்" என்றார்.

போட்டேன். நான் எதையும் கண்ணை மூடிக் கேட்கிறவள் இல்லை, கையில் பட்டன் வேறு. ஆனாலும் கேட்டேன். வாசல் வரை வந்து திரும்புகிறது என்றீர்களே, அந்த இடம் வந்தது. எனக்கு லாரியில் ஏறிய நீங்கள்தான் ஞாபகம் வந்தீர்கள். கொடியை இந்தத் தடவை உக்கிரபாண்டி அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே கயிற்றைப் பிடித்து இறக்கினார். கயிறு சிக்கவில்லை. கடைசிச் சத்தம் கரைந்துபோகிற வரையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் பட்டனைத் தொடவில்லை.

அங்கேதான் மானம் போயிற்று.

பாட்டு முடிந்தது. கேசட் ஓடுகிறது. அவ்வளவு பேருக்கு நடுவில் மூன்று ஹாரனிலும் உங்கள் குரல். "இன்னொரு தரம் வாசிங்க டீச்சர். எனக்கு வீட்டுக்குப் போகணும். நூர்னிசா வையாம ஒரு கடுதாசி போட்டிருக்கா டீச்சர், வையுறதுக்குக்கூட இனி ஆளில்ல போல." அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பதிவை நிறுத்தாமல் விட்டிருக்கிறீர்கள். எந்தப் பட்டனை அமுக்குவது என்று எனக்குக் கை ஓடவில்லை. எல்லோரும் கேட்டார்கள். யாரோ ஒரு பொம்பளை சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

உக்கிரபாண்டி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டார். "யம்மா, அவனை நல்லா நாலு வசவு வைஞ்சு ஒரு கடுதாசி எழுது. எழுதி சோலைராஜ்கிட்ட குடு. வரட்டும்."

எழுதுகிறேன்.

அறிவு கெட்ட மனுஷா. ஓட்டை ஹாரன். கட்டினவளை விட்டுவிட்டு லுங்கியோடு லாரி ஏறின வீரா. பியானோவுக்கு அடியில் படுத்த பெருச்சாளி. இருபத்து மூன்று வருஷத்தில் அழுகிறதை எனக்குக் காட்டாமல் ஊருக்கு மைக் வைத்துக் காட்டின மானங்கெட்டவரே.

போதுமா? கேசட் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, எரிக்கவில்லை. டீச்சருக்கு என் ஸலாம் சொல்லுங்கள். சோலைராஜ் சைக்கிளில் பின் கேரியர் காலியாக இருக்கிறது. ஏறி உட்கார்ந்து, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து சேருங்கள்.

நூர்னிசா